வெளியே எது அமுக்குகிறது?

பட்டிப்பொல ஸ்டேஷனில் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, வெறும் பிளாஸ்டிக் போத்தலின் மூடியை இறுக்கித் திருகிப் பையில் போட்டுக்கொண்டு கோச்சியில் கொழும்புக்கு இறங்கிப் பாருங்கள். கோட்டை ஸ்டேஷனில் வெளியே எடுக்கும்போது போத்தல் ஒடுங்கியிருக்கும்; பக்கங்கள் உள்ளே குழிந்திருக்கும். யாரும் அதை நெரிக்கவில்லை. பையில் அதன்மேல் பாரமாக எதுவும் இருக்கவில்லை. திரும்பி வரும்போது கொழும்பில் வாங்கிய மிக்சர் பக்கற்றைக் கவனியுங்கள். ஹட்டன் தாண்டுவதற்குள்ளேயே அது உப்பி இறுகிப்போயிருக்கும். மலைநாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்துப் பழகிய விஷயம் இது. ஆங்கிலத்தில் இம்ப்ளோசிவ் என்று ஒரு பெயரடை இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள இந்தப் போத்தலைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

நான் பண்டாரவளைப் பக்கம் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். ஆங்கிலம் என் பாடம் இல்லை. ஆனாலும் இந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் என்னிடம்தான் வருகிறார்கள். ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு கட்சி இம்ப்ளோட் ஆனது என்று இருக்கும், ஒரு கம்பனி இம்ப்ளோட் ஆனது என்று இருக்கும், ஒரு கிரிக்கெட் அணி நல்லா ஆடிக்கொண்டிருந்து கடைசிப் பத்து ஓவரில் இம்ப்ளோட் ஆனது என்று இருக்கும். அகராதியைத் திறந்தால் 'உள்நோக்கி இடிந்து விழுகிற, அப்படி விழுவதோடு தொடர்புள்ள' என்ற அளவில் பொருள் கிடைக்கும். அதில் பிழை இல்லை. ஆனால் அது எந்தப் பக்கம் விழுகிறது என்பதை மட்டும் சொல்கிறது, ஏன் விழுகிறது என்பதைச் சொல்லவில்லை. எனக்கு அந்த 'ஏன்' முக்கியம். அதை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் பயன்படுத்தினால், விழுந்ததன்மேலேயே பழி போய் விழும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்த காரணமே அதுதான்.

சரி, போத்தலுக்கு வருவோம். பட்டிப்பொல கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,900 மீற்றர் உயரம். அங்கே வளிமண்டல அமுக்கம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். நீங்கள் மூடியைத் திருகியபோது அந்த மெல்லிய மலைவளியைத்தான் உள்ளே அடைத்தீர்கள். கோச்சி இறங்க இறங்க வெளியே அமுக்கம் கூடிக்கொண்டே போகிறது, உள்ளே இருப்பது அப்படியே இருக்கிறது. போத்தல் ஒடுங்காமல் விறைப்பாக நின்றிருந்தால், கொழும்பு வரும்போது உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 20 கிலோபாஸ்கல். உள்ளங்கை அளவான இடத்தில் 20 கிலோகிராம் பாரம் வைத்த மாதிரி. பிளாஸ்டிக் அதைத் தாங்காது. கொழும்பின் சூட்டில் உள்ளே இருக்கும் வளி கொஞ்சம் விரிந்து எதிர்த்துத் தள்ளும். அதனால் ஒடுக்கம் ஆறில் ஒரு பங்கு அளவில் நின்றுவிடும்.

இங்கே பிள்ளைகள் எப்போதும் ஒரு வார்த்தை சொல்வார்கள்: "டீச்சர், உள்ள இருக்கிற வெற்றிடம் இழுக்குது." வெற்றிடம் எதையும் இழுக்காது. ஒன்றும் இல்லாத இடத்துக்கு இழுக்கக் கை இல்லை. வெளியே இருக்கும் வளிதான் தள்ளுகிறது. அது அதுவரைக்கும் தள்ளிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே இருந்து அதே அளவு எதிர்த்தள்ளல் இருந்ததால் நமக்குத் தெரியவில்லை. கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் ஏறக்குறைய 1 கிலோகிராம், ஒவ்வொரு சதுர மீற்றரிலும் 10 தொன். நம் உடம்பின்மேலும் அதுதான் இருக்கிறது. உள்ளேயும் அதே அமுக்கம் இருப்பதால் நாம் நடமாடுகிறோம்.

இதை முதன்முதலில் பெரிய அளவில் உலகத்துக்குக் காட்டியவர் ஜெர்மனியின் மாக்டபேர்க் நகர மேயர் ஓட்டோ ஃபொன் கேரிக்கே. 1657 இல் அவர் அந்த நகரத்தில் இரண்டு அரைக்கோளங்களைப் பொருத்தி, உள்ளே இருந்த வளியைப் பம்பால் எடுத்துவிட்டு, 16 குதிரைகளை இரு பக்கமும் எட்டு எட்டாகக் கட்டி இழுக்கவிட்ட கதை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது அதற்கு முன்னே நடந்தது. ஒரு செப்புக் கோளத்திலிருந்து அவர் வளியை வெளியே எடுக்க முயன்றார். பம்பு வேலை செய்துகொண்டிருக்கும்போதே கோளம் பெரிய சத்தத்தோடு கசங்கிப்போனது. அருகில் நின்றவர்கள் மிரண்டுபோனார்கள். கோளம் சரியான உருண்டையாக இல்லாததுதான் காரணம் என்று அவர் கண்டுகொண்டு, இன்னும் நேர்த்தியான உருண்டை ஒன்றைச் செய்வித்தார். அது நின்றது. அதாவது, எல்லாப் பக்கமும் ஒரே அளவில் தாங்கினால் மெல்லிய செம்பும் அத்தனை தொன்னைத் தாங்கும். ஓர் இடத்தில் வளைவு தப்பினால் அந்த இடத்திலேயே தொடங்கிவிடும்.

இம்ப்ளோசன் என்ற சொல்லை நம் தலைமுறை உரக்கக் கேட்டது 2023 ஜூனில். டைட்டானிக் கப்பலின் சிதைவைப் பார்க்க இறங்கிய டைட்டன் என்ற நீர்மூழ்கி ஜூன் 18 இல் தொடர்பு அறுந்து காணாமல் போனது. உள்ளே ஐந்து பேர். நான்கு நாள் கழித்து, டைட்டானிக்கின் முன்பக்கத்துக்குக் கிட்ட, கடலடியில் சிதைவுகள் கிடைத்தன. அந்த இடத்தின் ஆழம் ஏறக்குறைய 3,800 மீற்றர். ஒவ்வொரு 10 மீற்றர் நீருக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும் என்று கணக்குப் போட்டால் அங்கே 380 மடங்கு. விரல் நகம் அளவான இடத்தில் 400 கிலோகிராமுக்குக் கிட்ட. உடற்பகுதி காபன் நாரால் செய்யப்பட்டிருந்தது. இரு முனைகளிலும் டைட்டேனியம். அந்த வாரம் நான் படித்த தமிழ்ச் செய்திகள் பலவற்றில் 'வெடித்துச் சிதறியது' என்றே இருந்தது. சிலவற்றில் 'உள்வெடிப்பு' என்று சரியாக எழுதியிருந்தார்கள். அவசரத்தில் எழுதுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வெடித்தது என்றதும் உள்ளே ஏதோ ஒன்று எரிந்தது, உள்ளே இருந்தவர்கள் ஏதோ செய்தார்கள் என்ற எண்ணம் வாசிப்பவருக்கு வந்துவிடுகிறது. அங்கே கடல் இருந்தது. ஓடு தாங்கவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை, "அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா டீச்சர்?" என்று கேட்டது. அந்த ஆழத்தில் அது மில்லிசெக்கன் கணக்கில் முடிகிற காரியம், மூளைக்கு வலி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிடும் என்றேன். அதைக் கேட்டு வகுப்பில் பலருக்கு ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். எனக்கும்தான்.

கடலுக்குள் போகாமலே, நம் வீடுகளில் இம்ப்ளோசிவ் பொருட்கள் இருக்கின்றன. தேத்தண்ணி பிளாஸ்க் ஒன்று. உள்ளே இருக்கும் கண்ணாடிக் குடுவைக்கு இரண்டு சுவர். இரண்டுக்கும் நடுவே வளியை எடுத்துவிட்டு அடைத்திருக்கிறார்கள். 1892 இல் ஜேம்ஸ் டூவர் கண்டுபிடித்த அமைப்பு அது. பிளாஸ்க் கீழே விழுந்தால் சாதாரணக் கண்ணாடி மாதிரிச் சிலீர் என்று உடையாமல் 'டப்' என்று ஒரு சத்தம் வருமே, அது வெளிவளி அந்த நடுவெளிக்குள் பாய்கிற சத்தம். உடைந்த பிளாஸ்க்கைக் குலுக்கினால் தூள் தூளாகச் சத்தம் கேட்பதும் அதனால்தான். பழைய பெட்டி ரீவியின் படக்குழாயும் அப்படித்தான். அதன் கண்ணாடியைச் சுற்றி இரும்புப் பட்டி ஒன்று இறுக்கியிருப்பார்கள், குழாய் உடைந்தாலும் கண்ணாடி உள்ளே பாய்ந்து மறுபக்கத்தால் முகத்துக்கு வரக்கூடாது என்பதற்காக. பழைய ரீவியைக் கல்லால் அடித்து உடைக்காதே என்று பெரியவர்கள் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது.

பால் பவுசரைப் பற்றியும் சொல்ல வேண்டும், நுவரெலியா, அம்பேவெலப் பக்கம் பால் ஏற்றுகிறவர்கள் இதை அறிவார்கள். தாங்கியைச் சுடுநீரால் கழுவிவிட்டு, காற்றுப்போகும் துளையைத் திறக்காமல் மூடிவைத்தால், உள்ளே இருக்கும் நீராவி குளிர்ந்து மறுபடி நீராகிவிடும். உள்ளே அமுக்கம் விழுந்துவிடும். தடித்த உருக்குத் தாங்கி, வெறும் வளியால், பப்படமாக நொறுங்கிவிடும். இதைச் சிறிய அளவில் சோடா ரின் ஒன்றில் கொஞ்சம் நீர் விட்டுக் கொதிக்கவைத்து, இடுக்கியால் பிடித்துக் குளிர்நீரில் கவிழ்த்து யாரும் செய்து பார்க்கலாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் சரி. நான் ஒவ்வொரு வருடமும் முதல் தவணையில் இதைச் செய்கிறேன். ரின் நொறுங்கும் அந்த ஒரு கணத்தில் வகுப்பே கத்தும். அந்தக் கத்தலுக்காகவே செய்கிறேன்.

அப்புறம் கட்டடங்கள். சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூனில் 11 மாடிக் கட்டடம் ஒன்று தானாக விழுந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற அதன் இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிமருந்து வைத்து விழுத்தினார்கள். கொச்சி மரடுவில் 2020 ஜனவரியில் நான்கு அடுக்குமாடிகள், நொய்டாவில் 2022 ஓகஸ்டில் ஏறக்குறைய 100 மீற்றர் உயரமான இரட்டைக் கோபுரம். எல்லாவற்றையும் ஆங்கிலச் செய்திகள் இம்ப்ளோசன் என்றன. அந்தத் தொழிலில் இருப்பவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். கண்டிப்பான பௌதிகவியலில் இது பொருந்தாது. அங்கே உள் அமுக்கமும் இல்லை, வெளி அமுக்கமும் இல்லை. தூண்களை ஒழுங்கான வரிசையில் அறுத்துவிட்டால் கட்டடத்தின் சொந்தப் பாரமே அதை அதன் காலடியில் இறக்கிவிடுகிறது. ஆனால் ஒன்று ஒத்துப்போகிறது. பாரம் முதல் நாளிலிருந்தே அங்கே இருந்தது. எடுத்தது தாங்கலை மட்டும்தான். அதனால் இந்தப் பயன்பாட்டை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

நட்சத்திரங்களிலும் இதே கணக்குத்தான். உள்ளே எரியும் வெப்பம் வெளியே தள்ளுகிறது, ஈர்ப்பு உள்ளே அமுக்குகிறது. எரிபொருள் முடிந்த உள்ளகம் சூரியனைப் போல் 1.4 மடங்குக்கு மேல் பாரமாக இருந்தால் நிலைக்காது என்று கணக்குப் போட்டவர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930 இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில், 19 வயதில். பெரிய நட்சத்திரங்களின் உள்ளகம் ஒரு செக்கனுக்கும் குறைந்த நேரத்தில் இடிந்துவிடும், அதன்பிறகே வெளியே வெடிப்பு. 1945 ஓகஸ்ட் 9 இல் நாகசாகியில் போட்ட குண்டையும் இம்ப்ளோசன் வகை என்றே சொல்வார்கள். புளுட்டோனியத்தைச் சுற்றி வெடிமருந்தை அடுக்கி உள்நோக்கி நசுக்கும் அமைப்பு அது. அதைப் பற்றி இங்கே இதற்கு மேல் பேச விருப்பமில்லை.

சொல்லின் பக்கம் கொஞ்சம். எக்ஸ்ப்ளோட் என்பது இலத்தீனிலிருந்து வந்தது. பிடிக்காத நடிகனைக் கைதட்டிச் சத்தம் போட்டு மேடையிலிருந்து விரட்டுவதுதான் அதன் பழைய பொருள். இம்ப்ளோசன் அந்த மாதிரியைப் பார்த்து 19 ஆம் நூற்றாண்டில் செய்த சொல், அதற்கு மேடைக் கதை எதுவும் இல்லை. அன்றாட ஆங்கிலத்தில் வினையும் பெயருமே அதிகம். இம்ப்ளோசிவ் என்ற பெயரடை பெரும்பாலும் துறை எழுத்தில் வரும். ஒலியியலில் அது ஒரு வகை மெய்யெழுத்தின் பெயர். குரல்வளையைக் கீழே இறக்கி வாய்க்குள் அமுக்கத்தைக் குறைத்துவிட்டு உதட்டையோ நாக்கையோ திறப்பது. தமிழிலும் சிங்களத்திலும் அந்த ஒலி இல்லை. சிந்தி மொழியில் நான்கு இருக்கின்றன. கொழும்பில் சிந்தி வணிகக் குடும்பங்களோடு பழகியவர்கள் கேட்டிருக்கலாம். பிள்ளைகள் வழக்கமாக விடும் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ப்ளோசிவ் என்றால் முன்கோபி, அதனால் இம்ப்ளோசிவ் என்றால் சாந்தமானவர் என்று நினைக்கிறார்கள். இல்லை. கோபத்தையும் துக்கத்தையும் வெளியே விடாமல் தனக்குள்ளேயே நொறுங்குகிறவரைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

உளமருத்துவத்திலும் இந்தச் சொல்லுக்கு இடம் இருக்கிறது. தோமஸ் ஸ்டாம்ப்ஃபிள் என்ற அமெரிக்க உளவியலாளர் இம்ப்ளோசிவ் தெரபி என்று ஒரு முறையை உருவாக்கினார். பயப்படும் காட்சியை நோயாளி மனதில் முழு வேகத்தில் கொண்டுவந்து, பயம் தணியும்வரை அதிலேயே இருக்கச் செய்வது. ஸ்கொட்லாந்து மனநல மருத்துவர் ஆர். டி. லேங் 1960 இல் வேறொரு பொருளில் எழுதினார். தனக்குள் ஒன்றுமே இல்லை என்று உணரும் ஒரு மனிதருக்கு, வெற்றிடத்துக்குள் வளி பாய்வதைப்போல வெளி உலகம் எந்தக் கணமும் உள்ளே பாய்ந்து தன்னை இல்லாமல் ஆக்கிவிடும் என்ற பயம் இருக்கும் என்றார். லேங்கின் எல்லாக் கருத்தோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் பௌதிகவியலை இவ்வளவு சரியாகப் பிடித்த உளவியல் விளக்கத்தை நான் வேறு எங்கும் கண்டதில்லை. அவர் அந்த மனிதரைப் பலவீனர் என்று சொல்லவில்லை. வெளியையும் உள்ளையும் சேர்த்தே பார்த்தார்.

பண்டாரவளைக்காரர்களுக்கு இதைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. உமா ஓயா திட்டத்துக்காக நம் மலைக்குள் சுரங்கம் வெட்டினார்கள். 120 மெகாவாற் மின்சாரம், வெல்லவாயப் பக்கத்து வறண்ட நிலங்களுக்கு நீர். 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பாயத் தொடங்கியது. மேலே கிணறுகள் வற்றின. ஊற்றுகள் நின்றன. வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்தது, நிலம் தாழ்ந்தது. பாதிக்கப்பட்ட வீடுகள் ஆயிரக்கணக்கில். 2017 இல் பண்டாரவளையில் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். 2024 ஏப்ரலில் திட்டம் திறந்துவைக்கப்பட்டது.

தண்ணீர் வெளியே போனால் வீடு ஏன் வெடிக்க வேண்டும்? கார்ல் டெர்சாகி என்ற மண் பொறியியலாளர் 1920களில் விளக்கிவிட்டார். மண்ணுக்குள் இருக்கும் நுண்ணிய வெளிகளில் நீர் நிறைந்திருக்கும்போது, மேலே இருக்கும் மண், பாறை, வீடு எல்லாவற்றின் பாரத்திலும் ஒரு பங்கை அந்த நீரின் அமுக்கம் தாங்குகிறது. நீரை எடுத்துவிட்டால் அந்தப் பங்கு முழுவதும் மண் துணிக்கைகளின்மேல் இறங்கிவிடும். அவை நெருங்கும், நிலம் தாழும். எல்லா இடமும் ஒரே அளவில் தாழாது. அதனால்தான் சுவர் கோணலாக வெடிக்கிறது. வீட்டின்மேல் யாரும் புதிதாக ஒரு கல்லும் வைக்கவில்லை. நம் கண்ணுக்குத் தெரியாமல் தாங்கிக்கொண்டிருந்த ஒன்று ஒழுகிப்போய்விட்டது. அந்த நாட்களில், அத்திவாரம் சரியாகப் போடவில்லை, மலிவுக் கல்லால் கட்டினார்கள் என்று வீட்டுக்காரர்களைக் குறை சொன்ன பேச்சு என் காதிலும் விழுந்தது. முப்பது நாற்பது வருடம் அதே அத்திவாரத்தில் நின்ற வீடுகள் அவை. இதைக் கேட்கும்போது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

2022 க்கும் இதே கேள்வியைப் போட்டுப் பார்க்கலாம். நாட்டின் பொருளாதாரம் இம்ப்ளோட் ஆனது என்று வெளிநாட்டு ஆங்கில எழுத்தில் அடிக்கடி வந்தது. அந்த இடத்தில் சொல் சரியாகவே பொருந்துகிறது. வெளிநாட்டுக் கடன் வெளியே நின்று பல வருடமாக அமுக்கிக்கொண்டிருந்தது. எதிர்த்துத் தள்ளியது டொலர்க் கையிருப்பு. 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்த அது கரைந்து, 2022 மே மாதம் பயன்படுத்தக்கூடியதாக மிச்சம் 50 மில்லியனுக்கும் குறைவு என்று நிதியமைச்சர் பாராளுமன்றத்தில் சொன்னார். அதற்கு முன்னமே, ஏப்ரல் 12 இல், கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்துவிட்டார்கள். நம் தோட்டங்களிலும் அது தெரிந்தது. 2021 இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தார்கள். அந்த வருடம் ஏறக்குறைய 299 மில்லியன் கிலோகிராமாக இருந்த தேயிலை உற்பத்தி 2022 இல் 251 மில்லியன் அளவுக்கு இறங்கியது. உரமில்லாத செடியில் கொழுந்து குறைந்தால் நாட்பேரும், அதாவது ஒரு நாள் வேலைக்கான கூலியும், குறையும். அந்த வருடம் பிள்ளைகள் காலையில் சாப்பிடாமல் வகுப்புக்கு வந்தார்கள். இரண்டாம் பாடத்தில் மேசையில் தலை வைத்துப் படுப்பவர்களை நான் எழுப்பவில்லை.

இனி, நான் சொல்ல வந்த இடம். ஒரு மாணவி, எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து வருகிறவள், ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்காக எழுதியதைக் கொண்டுவந்து காட்டினாள். நல்ல ஆங்கிலம். அதில் ஒரு வரி: லயத்துக் குடும்பங்கள் இம்ப்ளோசிவ் ஆகிவிட்டன, காரணம் சாராயமும் இளவயதுக் கலியாணமும். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. இப்படி எழுதினால் நடுவர்களுக்குப் பிடிக்கும் என்றும் எனக்குத் தெரியும். நம்மைப் பற்றி நாமே இப்படிச் சொல்வதைக் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். நான் அவளிடம் ஒன்றுதான் கேட்டேன்: "வெளிய எது அமுக்குதும்மா?"

அவள் யோசித்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கரும்பலகையில் எழுதத் தொடங்கினோம். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம், மலையகத் தமிழரில் பெரும்பாலானவர்களை ஒரே எழுத்தில் நாடற்றவர்களாக்கியது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு அரசாங்கங்கள் பேசி முடித்த கணக்கு. அந்தக் கணக்கில் அண்ணன் ஒரு பக்கமும் தங்கச்சி ஒரு பக்கமும் பிரிந்த வீடுகள் எங்கள் ஊரில் எத்தனையோ. மிச்சம் இருந்தவர்களுக்கு முழுமையாகப் பிரசாவுரிமை கிடைக்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. பன்னிரண்டுக்குப் பத்தடி அறை, அதற்கும் உறுதி இல்லை. 1,000 ரூபாய் நாட்சம்பளம் என்று வருடக்கணக்காகக் கேட்டு, 2021 இல் அது சட்டமாகி வரும்போது அந்த ஆயிரத்துக்கு இருந்த மதிப்பே போய்விட்டிருந்தது. ஒரு பையன் எழுந்து, "டீச்சர், மழை," என்றான். மழைக்காலத்தில் லயத்துக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டைப் பார்த்துக்கொண்டே தூங்குகிற வீடு அவனுடையது. அதையும் எழுதினோம். 2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தையில் மண்ணுக்குள் போன லயங்களை அந்த வகுப்பில் தெரியாதவர்கள் இல்லை.

பிறகு கரும்பலகையின் மற்றப் பக்கம். இவ்வளவு அமுக்கத்துக்கும் இத்தனை காலம் நொறுங்காமல் இருக்க உள்ளே எது தள்ளியது? இந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் இன்னும் வேகமாகப் பதில் சொன்னார்கள். மரண உதவிச் சங்கம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மற்ற லயங்களிலிருந்து வந்து சேரும் அரிசியும் காசும். சீட்டு. கோயில் திருவிழாவுக்குத் தோட்டமே சேர்ந்து போடும் கணக்கு. அம்மா வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போனபிறகு மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அம்மாயி. தொழிற்சங்கம் என்று ஒருவன் சொல்ல, இன்னொருவன் இல்லை என்றான். அதில் சண்டை வந்தது, இரண்டு பக்கத்தையும் எழுதிவைத்தோம். அப்புறம் அந்த மாணவியே கேட்டாள்: இதெல்லாம் இப்போது குறைந்துகொண்டு வருகிறதே, ஏன்? படித்தவர்களும் படிக்காதவர்களும் பதினெட்டு வயதில் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போய்விடுகிறார்கள். சங்கத்துக்குக் கணக்கு எழுத ஆள் இல்லை. போகிறவர்களைக் குறை சொல்ல முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார்கள். போகச் சொன்னதும் அதே சம்பளம்தான்.

சாராயத்தை நான் மறைக்கச் சொல்லவில்லை. அது எத்தனை வீட்டை அழித்திருக்கிறது என்று எனக்கும் தெரியும், அந்தப் பிள்ளைக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கேரிக்கேயின் செப்புக் கோளத்தில் வளைவு தப்பிய இடம் ஒன்று இருந்தது உண்மை. நொறுங்கல் அங்கேதான் தொடங்கியது. ஆனால் வெளியே வளி இல்லாதிருந்தால் அந்தக் கோணல் கோளமும் நின்றிருக்கும். அவளிடம் இதை ஒரு தடவைதான் சொன்னேன். மீதியை அவளே எழுதினாள்.

போட்டிக்குப் போன பேச்சில் இம்ப்ளோசிவ் என்ற சொல் அப்படியே இருக்கிறது. அந்தப் பந்தியின் முதல் வரி சம்பளத்தைப் பற்றியது, இரண்டாவது காணி உறுதியைப் பற்றியது, மூன்றாவது அவளுடைய அம்மாயியைப் பற்றியது. சாராயம் நான்காவது வரியில் வருகிறது.